வெந்நீர்ப் பேசின் இல்லாத அறைக்கு டாக்டர் ஹெலனின் பெயர் எதற்கு?

தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் ஹெலன் இறந்துவிட்டார் என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. எங்கள் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் சாந்தி அனுப்பியிருந்தார். நம்பாமல் திருப்பி அழைத்தேன். "ஆமா சார், ஹெலன் மேடம்தான். காலைல காபி போட எழுந்திருக்காங்க. அப்படியே கிச்சன்ல உக்காந்துட்டாங்களாம். ஹார்ட் அட்டாக்னு சொல்றாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

இப்போது தெரியும். போன வாரம் மருத்துவமனையின் கூட்ட அரங்கில் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று எங்கள் நிர்வாகி பேசினார். "யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர், மென்மையே உருவானவர்" என்றார். பின்வரிசையில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, புதிதாகக் கட்டியிருக்கும் நரம்புப் பரிசோதனைக் கூடத்துக்கு டாக்டர் ஹெலனின் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்தார். கைதட்டினார்கள். நான் பேச எழுந்தபோது நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்தார்கள். அவரை அறிந்த உங்களுக்காக, அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் அந்த மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் ஹெலன் நரம்பியல் மருத்துவர். கை மரத்துப்போகிறது, கால் இழுக்கிறது, செருப்பு நழுவுவது தெரியவில்லை என்று வருகிறவர்களுக்கு நரம்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. தோலில் சிறு வில்லைகளை ஒட்டி, நரம்பின் மேல் லேசாக மின்சாரம் வைப்பார். விரல் துள்ளும். அந்தத் துடிப்பு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கிறது என்று திரையில் கோடாகத் தெரியும். அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் தசையில் ஊசி. "வலிக்கும். வலிக்காதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். நோயாளிகள் அவரை ஷாக் டாக்டரம்மா என்பார்கள். அவரைக் கண்டு பயந்தவர்கள் நோயாளிகள் அல்ல, நாங்கள்தான்.

அவர் அறையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பேசின் இருந்தது. இயந்திரத்துக்காக அந்த அறையில் எப்போதும் ஏசி ஓடும். ஆனால் குளிர்ந்த கையில் நரம்பு மந்தமாகத்தான் வேலை செய்யும். நல்ல நரம்பும் கெட்டுப்போன நரம்பு மாதிரி திரையில் தெரியும். அதனால் வருகிறவரின் கையையோ காலையோ வெந்நீரில் வைத்து, துடைத்து, துண்டால் சுற்றி, சூடு ஏறும்வரை காத்திருப்பார். அந்த நேரத்தில் ஊர், வேலை, வீடு என்று எல்லாம் பேசுவார். "கை சூடாகிற வரைக்கும் நான் டாக்டர் இல்ல, பக்கத்துல உக்காந்திருக்கிற ஒரு பொம்பள, அவ்ளோதான்" என்பார்.

சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவர் ஒருமுறை வந்தார். விரல்களில் எறும்பு ஊர்கிறது என்று நான்தான் அனுப்பியிருந்தேன். ஏசி வண்டியில் வந்து இறங்கியவர், பேசினைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மேடம், இதெல்லாம் ஸ்கிப் பண்ணலாமா? எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு." டாக்டர் அசையவில்லை. "உங்க கைக்கு இப்ப என்கூட மீட்டிங். அது முடியட்டும்" என்றார். அவர் அடங்கி ஒடுங்கிக் கையை நனைத்தார். அதே நாளில் எனக்கும் திட்டு கிடைத்தது. அனுப்பிய சீட்டில் நோயின் பெயரை நானே எழுதிவிட்டிருந்தேன். "பதிலை எழுதிட்டு எதுக்கு சார் என்கிட்ட அனுப்பறீங்க? நீங்களே வச்சுக்கோங்க" என்று சீட்டை என் மேசையில் வீசிவிட்டுப் போனார். நானும் விடவில்லை, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சல்.

இனி நிர்வாகி மறந்துவிட்ட கதை. டாக்டர் தங்கை மகளின் திருமணத்துக்காக நாகர்கோவிலுக்குப் போயிருந்தார். அந்த வாரம் வேறொருவர் வந்து சோதனைகளைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் இல்லாத தைரியத்தில் நிர்வாகி பேசினை அகற்றச் சொன்னார். தரை நனைகிறதாம், ஆள்கள் காத்திருக்கிறார்களாம். "வெந்நீர், துண்டு, பேசின். இது ஹாஸ்பிட்டலா, பியூட்டி பார்லரா?" என்று என் முன்னால்தான் கேட்டார். பேசின் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் விழுந்தது. சோதனைகள் மளமளவென்று நடந்தன.

டாக்டர் திரும்பி வந்த அன்று கன்னியம்மா வந்தார். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து மேடவாக்கம் மார்க்கெட்டில் விற்பவர். வலது கை மரத்துப்போகிறது என்று முந்தின வாரம் வந்து சோதனை செய்துகொண்டு போனவர். கை கால் நரம்புகள் எல்லாவற்றிலும் பாதிப்பு என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். உடனே மருத்துவமனையில் சேர்ந்து ஊசி வழியாக மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

"நரம்பெல்லாம் பூட்சின்னு எழுதிக்கீறாங்கம்மா. நான் நடந்துதானே வந்துகினு கீறேன்? இங்க வந்து படுத்தா என் எடத்துல வேற எவளாச்சும் குந்திக்குவா. அப்பால நான் எங்க போறது?" என்று கேட்டார்.

டாக்டர் அறிக்கையைப் படித்தார். கன்னியம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். "அன்னிக்கு எங்கேர்ந்து வந்தீங்க?"

"மார்க்கெட்லேர்ந்துதான். ஐஸ் பொட்டில கைய வுட்டுகினு இருந்தேன். காலும் அந்தத் தண்ணிலதான். அப்டியே எய்ந்து வந்துட்டேன்."

"வெந்நீர் வச்சாங்களா?"

"இன்னா வெந்நீரு?"

டாக்டர் பேசின் எங்கே என்று கேட்டார். நான் சொன்னேன். அவரே போய் எடுத்துவந்து, சோப்புப் போட்டுக் கழுவி, கேண்டீனிலிருந்து வெந்நீர் வரவழைத்தார். முதலில் கை, பிறகு கால். கன்னியம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். டாக்டர் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் துடைத்தார். மறுபடி சோதித்தபோது நரம்புகள் நன்றாக இருந்தன. வலது மணிக்கட்டில் ஒரே ஓர் இடத்தில் நரம்பு நசுங்கியிருந்தது. மீன் ஆய்ந்து ஆய்ந்து வந்தது. மணிக்கட்டுக்கு நான் ஒரு பட்டை செய்துகொடுத்தேன். ஆய்கிற வேலையைக் கொஞ்ச நாள் நாத்தனார் பார்த்துக்கொண்டார். கை தேறியது. மார்க்கெட்டில் அவர் இடமும் போகவில்லை.

முதல் அறிக்கையின் குறுக்கே "கை குளிர்ந்திருந்தபோது எடுத்தது, செல்லாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர். நிர்வாகி ஓடி வந்தார். "ஒரே பேஷண்ட், ஒரே ஹாஸ்பிட்டல், ரெண்டு ரிப்போர்ட். நம்ம பேர் என்ன மேடம் ஆகும்? ட்ரீட்மெண்ட்ல இம்ப்ரூவ்மெண்ட்னு போட்டுடுங்களேன்" என்று குழைந்தார்.

"ட்ரீட்மெண்ட்டே ஆரம்பிக்கல. வெந்நீர்தான் குடுத்தேன். அந்த வாரம் டெஸ்ட் பண்ண எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க."

"அது ப்ராக்டிகல் இல்ல மேடம்."

"அடுத்தவங்க கால கழுவ வெக்கப்படறவங்க ஆஸ்பத்திரி நடத்தக் கூடாது" என்றார். கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர் பேசிய வார்த்தை அது. நடைபாதை முழுக்கக் கேட்டது.

அவர்கள் கூப்பிடவில்லை. அவரே தன் செல்போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். சிலர் வந்தார்கள். மீதிப் பேரைக் கூப்பிடுவதற்குள் அவர் சோதனை பார்க்கும் நாள்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றியமைப்பு என்று பெயர் வைத்தார்கள். வராமல் போனவர்களில் யார் யார் இல்லாத நோய்க்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இரங்கல் கூட்டத்தில் படத்துக்கு மாலை போட்டார்கள். டாக்டர் வேலையை விட்டுவிட்டு அனகாபுத்தூரில் ஒரு சிறு கிளினிக்கில் உட்கார்ந்தார். பெரிய இயந்திரம் கிடையாது. முட்டியைத் தட்டிப் பார்க்கும் ஒரு சிறு சுத்தியலும் கண்ணும் கையும்தான். அங்கேயும் வருகிறவர்களைத் திட்டினார் என்று கேள்விப்பட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடக்கத்தன்று பீர்க்கன்கரணையில் அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது கன்னியம்மா வந்தார். பெட்டியின் மேல் கையை வைத்தவர், சட்டென்று எடுத்துவிட்டார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "இன்னாய்யா இது, அந்தம்மாவப் போயி ஐஸ்ல வச்சிக்கீறீங்களே" என்றார். அங்கேயே உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

புதிய கூடத்தைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, புது இயந்திரம், நடுங்கவைக்கும் குளிர். தண்ணீர்க் குழாய்கூட வைக்கவில்லை. இந்த அறைக்குத்தான் அவர் பெயராம். இங்கே ஐஸ் பெட்டியிலிருந்து நேராக எழுந்து வருகிற அடுத்த கன்னியம்மாவுக்கு, டாக்டர் ஹெலன் பெயர் அச்சிட்ட தாளிலேயே பொய் அறிக்கை போகும். இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டர் வேலையை விட்டுப் போன அன்று அந்தப் பச்சை பேசினை என் பிசியோதெரபி அறைக்குக் கொண்டுவந்தேன். விளிம்பு விண்டிருக்கிறது, மற்றபடி நன்றாக உழைக்கிறது. என்னிடம் வருகிறவர்களின் கையை இன்றும் அதில்தான் முதலில் வைக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பேசினும் இந்தக் கோபமும்தான். நிர்வாகி வந்து கேட்டால் பேசினைக் கொடுப்பேன், வெந்நீரும் நானே கொண்டுவந்து ஊற்றுவேன். கேட்காமல் அவர் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டினால், அதைக் கழற்றுவதும் நானாகத்தான் இருக்கும்.