ஏழு விளக்குகளுக்கு ஒரு விடை

அந்தத் துறைமுகத்துக்குள் போக அடையாள அட்டை தேவைப்படவில்லை. சுட்டியை ஒருமுறை அழுத்தினால் படிக்கட்டில் இறங்கலாம். இன்னொருமுறை அழுத்தினால் கற்களால் கட்டிய அணையின் நுனிவரை போகலாம். அங்கே எந்நேரமும் மூடுபனி. மனிதர் ஒருவரும் இல்லை. நீர் அசையும் ஓசை மட்டும் கணினியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளிலிருந்தும் வரும். சில வேளைகளில் அது ஒலிபெருக்கியிலிருந்து வருகிறதா, உவர்மலையில் எங்கள் வீட்டு யன்னலுக்குக் கீழே விரிந்து கிடந்த உண்மையான துறைமுகத்திலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியாமல் போகும். கடற்படையின் வசமிருந்த உண்மையான துறைமுகத்துக்குக் கிட்டப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. அதனால் பத்து வயதில் எனக்கு மூலைமுடுக்கெல்லாம் தெரிந்திருந்த துறைமுகம் கணினிக்குள் இருந்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசி, சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அப்பா எங்கள் வீட்டின் முன்னறையில் தட்டெழுத்து வகுப்பு நடத்தினார். எட்டுத் தட்டச்சுப் பொறிகள், ஒரு கணினி. மாலை வகுப்பு முடிந்து மாணவிகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போனபின் கணினி எனக்கும் சின்னம்மாவுக்கும் உரியது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். பெரியவர்கள் பேசிச் செய்த கல்யாணம் அவருடையது. தாலி கட்டிய பதினேழாம் நாள் சித்தப்பா கனடாவுக்குத் திரும்பிப் போனார். சின்னம்மாவை அங்கே அழைப்பதற்கான கடதாசிகள் ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசையில் கிடந்தன. சித்தப்பா விட்டுப்போன சாமான்களில் ஒன்று, அந்தத் துறைமுகம் வரும் கணினி விளையாட்டின் இறுவட்டு. காணாமல் போன ஒரு வெளிச்சவீட்டுக் காவலரைத் தேடிப் போவதுதான் கதை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிர். புதிரை அவிழ்த்தால் அடுத்த இடம் திறக்கும்.

நாங்கள் பல இடங்களைத் தாண்டி வந்து துறைமுகத்தின் நீர்க்கதவில் அகப்பட்டுக்கொண்டோம். கரையோரம் மூன்று விளக்குகள், வெளிச்சவீட்டில் நான்கு. அவற்றை ஏதோ ஓர் ஒழுங்கில் ஏற்ற வேண்டும் என்று எண்ணினோம். சின்னம்மா ஒரு கொப்பியில் ஏழு வட்டங்கள் வரைந்து, முயன்று பார்த்த ஒழுங்குகளைப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்தார். ஒவ்வொரு மாலையும் ஏற்றினோம். கதவு அசையவில்லை.

எனக்குப் பொறுமை இல்லை. சித்தப்பா இந்த விளையாட்டை ஏற்கெனவே ஆடி முடித்தவர். அவர் இருக்கும் நாட்டில் எல்லாப் புதிர்களுக்கும் விடை இணையத்தில் கிடக்கிறது என்று அவரே சொல்லியிருந்தார்.

"சித்தப்பாவுக்குத் தெரியும்தானே. கேளுங்கோவன்."

"கேட்டுப்போட்டா?"

"கதவு திறக்கும்."

"திறந்தாப் பிறகு?"

"முடிஞ்சிடும்."

"அதுதானே," என்றார் சின்னம்மா, அடுத்த விளக்கை ஏற்றிக்கொண்டே.

அவர் ஒரு விதி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குறிப்பு மட்டும் கேட்கலாம். விடை கேட்கக் கூடாது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சித்தப்பா தொலைபேசியில் அழைப்பார். எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. சந்தியிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். கடைக்காரர் கிண்ணியா ஊர் முஸ்லிம். அவர்கள் வழக்கில் அண்ணன் என்றால் நானா; எல்லோருக்கும் அவர் நானா. கடைக்குள் பலகைக் கூண்டு ஒன்றில் தொலைபேசி இருந்தது. கூண்டின் கதவு பொருந்தி மூடாது. வெளியே நீண்ட மர வாங்கில் தங்கள் முறைக்காக ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கூண்டுக்குள் பேசுவது அவர்கள் எல்லோருக்கும் கேட்கும். கேட்காததுபோல எங்கள் ஊர் வீதிகளில் மாடுகள்போலத் திரிந்து கடதாசி மேயும் மான்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விளையாட்டுத் தொடங்குமுன் நடந்த ஞாயிறுகள் எனக்கு நினைவிருக்கின்றன. "ஓம், சாப்பிட்டனான். நீங்கள்?" அங்கே இன்னும் விடிந்திருக்காது, அவர் சாப்பிட்டிருக்க நியாயமில்லை. "இஞ்ச மழை. அங்க?" பதினேழு நாள் பழகிய இரண்டு பேருக்கு, அந்நியர் ஆறு பேர் காது கொடுத்திருக்கையில், அதற்கு மேல் கதை ஓடவில்லை. விளையாட்டு வந்தபின் சின்னம்மா கூண்டுக்குள் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிரித்தார். ஒருமுறை, "அப்பிடியெண்டா நீங்களும் அதில ஒரு மாதம் நிண்டனீங்களோ, பிறகேன் என்னைப் பகிடி பண்ணுறீங்கள்?" என்று செல்லமாகச் சண்டை பிடித்தார். அடுத்த அழைப்புக்காரர் இருமிக் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு அவர் சற்று உரத்துக் கேட்டார்: "துறைமுகத்தில மூண்டு, வெளிச்சவீட்டில நாலு. எதை முதல்ல கொளுத்திறது?"

வாங்கில் இருந்தவர்கள் மான்களைப் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

பேசி முடித்து வந்ததும் நானா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தங்கச்சி, அது விளையாட்டெண்டு எனக்குத் தெரியும். லைன்ல கேட்டுக்கிட்டிருக்கிறவனுக்குத் தெரியாது. இது திருகோணமலை. துறைமுகத்தில கொளுத்திறதப் பத்தி இங்க நிண்டு கதைக்காதீங்க."

அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் மறுபடி மழையும் சாப்பாடும்தான். பிறகு சித்தப்பாவிடமிருந்து தடித்த ஒரு கடிதம் வந்தது. உறைக்குள் இன்னோர் உறை, ஒட்டியிருந்தது. அதன்மேல், "முழு விடையும் இதற்குள். ஏலாமல் போனால் மட்டும் திறக்கவும்," என்று எழுதியிருந்தார். சின்னம்மா அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார்.

அந்த உறை அவர்களுக்குப் புதுக் கதை கொடுத்தது. "இல்லை, இன்னும் திறக்கேல்லை," என்பார் சின்னம்மா கூண்டுக்குள். "நீங்கள் கெஞ்சினாலும் திறக்கமாட்டன்." நானாவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

மூன்றாம் வாரம் நான் அதைத் திறந்தேன். சின்னம்மா குளிக்கப் போயிருந்தார். கொண்டையூசியை விளிம்பில் நுழைத்து இழுத்ததும் பசை விட்டுக்கொடுத்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்றில் துறைமுகத்தின் படம், பேனாவால் வரைந்து, விளக்குகளைக் குறித்து, அம்புக்குறி போட்டு. மற்றதில் விடை. இரண்டே வரி. படித்தேன். உறையை ஒட்டி, சேலைகளை மடிப்புக் குலையாமல் மூடினேன். பயம் இருந்ததே தவிர வெட்கம் இருந்ததாக நினைவில்லை.

சில நாள் கழித்து, பாலையூற்றுப் பக்கம் இராணுவத்தின் சுற்றிவளைப்பு என்று காலையில் செய்தி வந்தது. வீட்டைச் சோதிக்க அவர்கள் வருமுன் நாங்களே சோதித்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். தப்பாக விளங்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. பழைய கலண்டர், யாரோ தந்த படம், பள்ளிக்கூட அட்லஸில் பென்சில் கோடு. அப்பா அலுமாரியைக் கிளறி அந்த உறையை எடுத்துக் கிழித்தார். படத்தைப் பார்த்தார். 

"துறைமுகம், விளக்கு, அம்புக்குறி. இதை ஆருக்கெண்டு விளங்கப்படுத்திறது? உம்மட மனிசனுக்கு மூளை இருக்கோ?"

"விளையாட்டு, அத்தான்."

"இதை அவங்களுக்குச் சொல்லும்."

குசினிக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். நீலமாக ஒரு கணம் எரிந்து சுருண்டது. சின்னம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். "நல்லதாப் போச்சு," என்றார் மெதுவாக. அப்பாவைத் தேற்றச் சொல்கிறார் என்று எண்ணினேன். அன்று எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை.

விடை தெரிந்த ஆள் இப்போது அந்த வீட்டில் நான் ஒருத்திதான். சின்னம்மாவை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. இனி அவர் எத்தனை கொப்பி நிரப்பினாலும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவருக்கு ஒரு பரிசு கொடுப்பதென்று தீர்மானித்தேன்.

அன்று மாலை கணினியின் முன் நான் முந்திக்கொண்டேன். ஏற்றியிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். ஏழாவதும் அணைந்ததும் திரை கறுத்துப்போயிற்று.

"என்ன செய்யிறாய்? ஏன் நூர்த்தனீ?"

"பொறுங்கோ."

அவ்வளவுதான் விடை. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுச் சுட்டியைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். எங்கள் முகங்கள் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்தன. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருட்டுக்குள் நீர் தானாக ஒளிரத் தொடங்கியது, பச்சையாக, நெத்தலிக் கூட்டம் திரும்பும்போது கடல் மினுங்குமே, அதுபோல. அந்த ஒளி ஒரு கோடாகி, கோடு இரண்டாகப் பிளந்து, கதவு திறந்தது. அப்பால் கடல். ரோந்துப் படகு இல்லை, மிதவை இல்லை. சிறிய தோணி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டு அதற்குள் போயிற்று. இசை வந்தது. விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் சின்னம்மா.

"யோசிச்சனான்."

 கடைசிப் பெயர் மறையும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்தார் என்றே நினைக்கிறேன். நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் எழுந்து போய்த் தட்டச்சுப் பொறிகளுக்கு உறை போட்டார்.

அந்த ஞாயிறு கூண்டுக்குள் அவர் கதிரையில் உட்காரவில்லை. "முடிஞ்சுது," என்றார். "ஓம், நாங்களாத்தான் கண்டுபிடிச்சனாங்கள்." ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "சாப்பிட்டனான்."  "வேறென்ன?" என்றார். அந்தப் பக்கமும் அதையே கேட்டிருக்க வேண்டும். "வேறொண்டுமில்லை," என்று ரிசீவரை வைத்தார். நானா மணிக்கூட்டைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டதால் சின்னம்மாவுக்கு என்மேல் கோபம் என்று முடிவு செய்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு அவர் மறுபடி கதிரையை இழுத்துப்போட்டார்.

"திரும்ப முதல்ல இருந்து தொடங்கினனான்," என்றார். "அந்த முதல் அறையில அஞ்சு குருவி இருக்கெல்லே? அதில எது முதல்ல பாடுறதெண்டு பிடிபடேல்லை."

நான் வாங்கிலிருந்து எழுந்துவிட்டேன். அது விளையாட்டின் ஆகச் சுலபமான இடம். முதல் நாளே தாண்டியிருந்தோம். கதவிடுக்கில் தலையை நுழைத்து, கனடாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"சித்தப்பா, சின்னம்மா பொய் சொல்லுறா. குருவி எல்லாம் அவவுக்குத் தெரியும். எனக்குக் காட்டித் தந்ததே அவதான்."

வாங்கில் ஒருவர் சிரித்தார். நானா பேனையைக் கீழே வைத்தார். சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. கூண்டின் சுவரில் ஒட்டியிருந்த வெளிநாட்டு இலக்கங்களின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிசீவரில் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு சித்தப்பாவின் குரல் வந்தது. நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

"முதலாவது," என்று தொடங்கினார், மெதுவாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "பச்சை வால் குருவி. அதைத் தொட்டுப்போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருங்கோ."

"ஓம்," என்றார் சின்னம்மா. "பிறகு?"

ஐந்து குருவிகளையும் சித்தப்பா சொல்லி முடித்தார். சின்னம்மாவுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் விளங்கவில்லையாம், அவற்றை மறுபடி சொன்னார். அடுத்த அழைப்புக்காரர் இருமினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் முடிவைச் சின்னம்மாவிடம் சொன்னேன். லைன் சரியில்லை, நான் சொன்னது சித்தப்பாவுக்குக் கேட்டிருக்காது, இன்னும் பலமாகக் கத்தியிருக்க வேண்டும் என்று.

"ஓம்," என்றார் சின்னம்மா. "லைன்தான் சரியில்லை."