பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

வரதராஜனுக்குக் கை சும்மா இருக்காது. அம்மையார்குப்பத்தில் அவன் அப்பா தறியில் உட்கார வைத்துப் பார்த்தார். ஒரு முழம் நெய்வதற்குள் நாலு தடவை எழுந்து தெருவைப் பார்த்துவிட்டு வருவான். பிறகு திருத்தணிக்கு வந்து ரேடியோ, மைக்செட், டி.வி. என்று அகப்பட்டதையெல்லாம் பிரித்தான். பிரிப்பதில் மன்னன், திருப்பி மாட்டும்போதுதான் ஏதாவது கையில் மிஞ்சும்.

குடும்பம் ஓடியது அவன் மனைவி அம்சாவால். மாமன் மகள்தான், அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். என் தையல் கடைக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்தாள். ஆள் குறைந்துகொண்டே போகவே, எண்பத்தொன்பதில் துணிந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாள். அதற்கும் யாரும் சேராவிட்டால் கடையை மூடிவிட்டு அம்மையார்குப்பத்துத் தறிக்கே போய்விடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். விஜயதசமியன்று காலையில் சேர்க்கை.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிழக்குப் பார்க்க வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டார்கள். அவனுடைய ஸ்குரு டிரைவர்களும் சாமி படத்தின் முன்னால் போய்விட்டன. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டோம். அம்சா பொரிகடலை கொடுக்கத் தெருவுக்குப் போனாள். இவன் கை சும்மா இருக்குமா, ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தான்.

மெஷின் இரைந்தது. திரை இருட்டாகவே இருந்தது.

வாயைத் திறந்தால் பூஜைப் பொருளைத் தொட்ட குட்டு வெளிப்படும். திறக்காவிட்டால் காலையில் அத்தனை பேர் முன்னால் அம்சாவின் மானம் போகும். தூக்கி வைத்ததில் உள்ளே இருக்கும் டிஸ்ப்ளே கார்டு, அதாவது திரைக்கு எழுத்தை அனுப்பும் அட்டை, அசைந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். மெஷினைக் கொண்டுவந்த மெட்ராஸ்காரர் அதைக் கழற்றும் முறையைச் சொன்னபோது இவன் பாதி கேட்டான், பாதி வாசலைப் பார்த்தான். அந்தப் பாதியை இப்போது நினைவுக்குக் கொண்டுவந்தான்.

ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினான். டெரிலின் சட்டையில் மின்சாரம் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதையும் கழற்றிப் போட்டான். ஸ்குரு டிரைவரைத் தொட அவனுக்கே மனம் வரவில்லை. நாலணாக் காசு ஆயுதமில்லையே என்று சமாதானம் செய்துகொண்டு அதைக் கொண்டே மூடியைத் திறந்தான். உடம்பில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று உள்ளே இரும்புச் சட்டத்தை ஒரு தரம் தொட்டான். கார்டைப் பின்பக்கம் பிடித்திருந்த ஸ்குருவை எடுத்தான். அவசரப்பட்டு இழுத்தால் பொருத்தியிருக்கும் பள்ளம் பிளந்துவிடும். இரண்டு ஓரங்களையும் பிடித்து, மெல்ல அசைத்து, நேராக மேலே தூக்கினான். அவன் ஒரு வேலையை மெதுவாகச் செய்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கார்டு கையில் இருக்கும்போதே அம்சா வந்துவிட்டாள்.

"அது இன்னா பாவா?"

"படம் வர்ல அம்சா. நான்தான் போட்டுப் பாத்தேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் பொரித்தட்டைக் கீழே வைத்தாள்.

"கரண்ட்ட எடுத்துட்டியா?"

"ஆங்."

கார்டின் அடியில் பித்தளை நிறப் பற்கள் கறுத்திருந்தன. துடைப்பதற்கு மேஜையிலிருந்த டைப்ரைட்டிங் ரப்பரை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது காயிதத்தையே ஓட்ட போடும். இத்தப் போயி அதுல தேய்க்கிறியே."

பென்சில் ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். பற்களைத் தொடாமல் பிடித்துக்கொண்டு லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கார்டை இருந்த இடத்திலேயே நேராக அழுத்தினான். ஸ்குருவை முடுக்கி மூடியைப் போட்டதும் கை தானாகப் பிளக்கை எடுத்தது.

"வெச்சிடு. இனிமே நாளைக்குத்தான்."

"வேலை செய்யுதான்னு பாக்க வேணாமா?"

"ஒரு தபா தொட்டது போதும்."

அன்று சாயங்காலம் அவன் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஸ்டேஷன் வரை போனான், வந்தான். பாதி மலை ஏறி இறங்கினான். என் தையல் மெஷினும் பூஜையில் இருந்ததால் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "படம் வரும் இல்ல?" என்று கேட்டான். தையல்காரனுக்கு என்ன தெரியும்? வரும் என்றேன்.

காலையில் கற்பூரம் காட்டினார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து கஜபதி என்ற விவசாயி, மகள் தேவகியைச் சேர்க்க வந்திருந்தார். பின்னால் இன்னும் சில பெண்களும் அவர்களுடைய அப்பாக்களும் நின்றார்கள். அம்சா ஸ்விட்சைப் போடப் போனபோது வரதராஜனால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினான்.

திரையில் பச்சை எழுத்து ஓடியது. பெண்கள் முன்னால் நகர்ந்தார்கள். கஜபதி மட்டும் சந்தேகத்தோடு மெஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"இது கெட்டுப்போச்சினா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரணுமாம்மா? அதுவரைக்கும் பசங்க சும்மா உக்காந்துகினு இருக்குமா?"

"மெட்ராஸ் எதுக்குங்க? மிஷின் பாக்கற ஆளு எங்க வூட்லயே கீறாரு," என்றாள் அம்சா. சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். "பாவா, உள்ள வா. இவங்களுக்கு எப்படிப் போடறதுன்னு காட்டு."

வரதராஜன் செருப்பைக் கழற்றினான்.