வாயைப் பார்க்கிற பிள்ளை

ராஜலட்சுமிக்குச் சாத்தூர் பக்கம். கல்யாணமானதும் கணவன் ஆனந்தோடு ஓசூருக்கு வந்து, சிப்காட் தொழிற்பேட்டையில் காது கிழிய இரும்புத் தகடு அழுத்தும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆனந்துக்கு வேறு கம்பெனி. இருவருக்கும் ஒரே ஷிப்ட் வரும்போது மகள் தர்ஷினியை கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா சரசம்மாதான் பார்த்துக்கொண்டாள்.

சரசம்மா தெலுங்குக்காரி. எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவள். பிள்ளைக்கு இரண்டு வயது நெருங்கியபோது, வேலை முடிந்து வந்த ராஜலட்சுமியை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உன் பொண்ணு கூப்டா திரும்பறதில்ல. ஒரு வார்த்தை வரல. எதிர்வீட்டு ரங்கம்மா பேரன் இவளுக்குச் சின்னவன், பாலு வேணும், தாத்தா வேணும்னு கேக்கறான். எங்கயாச்சும் கொண்டுபோய்க் காட்டு."

"நீங்க தெலுங்குல கூப்பிடுறீக, பக்கத்து வீட்டுல கன்னடம், நாங்க தமிழு. அது எதுக்குத்தான் திரும்பும்?"

"இந்த ஊர்ல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் வளருது. எல்லாம் பேசுது."

விஷயம் தெரிந்து ஆனந்த் கீழே இறங்கிப் போய்க் கத்தினான். "பாக்க முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. எம் பிள்ளைக்கு ஊனம்னு பேரு வைக்காதீக."

"ஊனம்னு நான் சொல்லல. நீதான் சொல்ற" என்று சரசம்மா கதவைச் சாத்தினாள். அதோடு பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் நின்றது. கணவனும் மனைவியும் எதிரெதிர் ஷிப்ட் வாங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் ராஜலட்சுமி பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் போட்டுப் பார்த்தாள். தர்ஷினி திடுக்கிட்டுத் திரும்பினாள். மாமியாருக்குப் போன் செய்து சொன்னபோது, "ஆனந்தும் மூணு வயசுலதான் வாயத் தெறந்தான்" என்று பதில் வந்தது. மனசு லேசானது. சரசம்மாவின் மேல் கோபம் இரட்டிப்பானது. படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனியில் எல்லாரும் காதடைப்பான் போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். ஊத்தங்கரையிலிருந்து புதிதாக வந்த தமிழ்செல்வி எங்கோ பார்த்தபடி ஏதோ கேட்டாள். ராஜலட்சுமி அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, "வாயைக் காட்டிச் சொல்லு" என்றாள்.

பிடித்த கை அப்படியே நின்றது. தர்ஷினி தினமும் செய்வது இதைத்தான். அம்மா பேச்சைத் தொடங்கினாலே தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். அதைப் பாசம் என்று ராஜலட்சுமி எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து சாதாரணக் குரலில் பெயரைச் சொன்னாள். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. முன்னால் வந்து துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். தர்ஷினி துப்பட்டாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அந்தப் பொம்பள பேச்ச நீயும் நம்பிட்டியா?" என்று கேட்ட ஆனந்த் கூட வர மறுத்தான். ராஜலட்சுமி தனியாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் தர்ஷினியைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிச் சோதித்தார்கள்.

"பெரிய சத்தம் கேக்குது, பேச்சு கேக்கல" என்றார் டாக்டரம்மா. "தட்டு விழுந்தா திரும்புவா, அம்மா கூப்பிட்டா திரும்பமாட்டா. ஒரு வயசுக்குள்ள பேர் சொன்னா திரும்பணும். திரும்பலைன்னா அப்பவே வந்திருக்கணும். இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?"

"இப்ப என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க."

இரண்டு காதுக்கும் கருவி, வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி. லீவு கேட்டபோதெல்லாம் சூப்பர்வைசர் மோகன்குமார் எரிந்து விழுந்தான். ஆனந்த் வீட்டுக்குள்ளேயே சண்டை வளர்த்தான். "எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாது. ஒங்க வீட்ல யாருக்கு இருந்துச்சு?" என்பான்.

சில மாதம் கழித்து ஆனந்தின் அண்ணன் கட்டிய புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு ஊருக்குப் போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆனந்த் பிள்ளையின் காதிலிருந்த கருவிகளைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில் தர்ஷினி அவன் மடியில் ஏறி அந்தப் பையைப் பிடித்து இழுத்தாள். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"குடு" என்றாள் தர்ஷினி.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவள் தெளிவாக ஒரு சொல் சொன்னதில்லை. அவன் நெஞ்சில் அடித்து மறுபடி, "குடு" என்றாள். ஆனந்த் கருவிகளை வெளியே எடுத்தான். எப்படி மாட்டுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. ராஜலட்சுமி கையை நீட்டி வாங்கி, எல்லாரும் பார்க்க மாட்டிவிட்டாள்.

"இத ஊருக்கெல்லாம் காட்டணுமா?" என்றாள் மாமியார்.

"காட்டத்தான் வேணும் அத்தை. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லியே நாள் போச்சு."

திரும்பும்போது ஆனந்த் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தான். இப்போதும் பயிற்சிக்கு அவன் வருவதில்லை. கருவியின் பேட்டரி தீர்ந்தால் மட்டும் வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிடுகிறான். சரசம்மா சொன்னது சரி என்று ராஜலட்சுமிக்குத் தெரியும். ஆனால் சொன்ன விதத்தில் பட்ட புண் இன்னும் ஆறவில்லை. அவளோடு பேச்சு கிடையாது.

தர்ஷினி இந்த வருஷம் எல்.கே.ஜி. போகிறாள். பெயரைக் கூப்பிட்டால் திரும்புகிறாள். சொற்கள் கொழகொழவென்று வந்தாலும் வாய் ஓய்வதில்லை. முதல் நாளே டீச்சர் அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தாள். ராஜலட்சுமி யாரையும் கேட்காமல் வகுப்புக்குள் நுழைந்து, மகளின் நாற்காலியைத் தூக்கி முன்வரிசையில் போட்டாள்.

"பெற்றோர் உள்ள வரக்கூடாதும்மா" என்றாள் டீச்சர்.

"அப்ப நீங்களே போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள்.