கிறிஸ்துமஸுக்குக் கூழ் குடித்த வீடு

நேற்று மருமகள் எண்ணெயில் கடுகு போட்டாள். அந்த வாசனைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா அத்தே, தனியா சிரிச்சிக்கினு கீறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, எழுதினால் கொஞ்சம் வரும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். பெண்கள் சிலர் சேர்ந்து ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். ஒரு டிசம்பரில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. வீட்டுக்காரம்மா தூரத்திலேயே நின்று, "அம்மா எறங்குனப்புறம் வாம்மா, இப்ப ஊருக்குப் போ" என்றார். எந்த ஊருக்கு? அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் கைக்குழந்தை. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு, முகமெல்லாம் கொப்புளம். துணிப்பையோடு தெருவில் நின்றேன். அழுவதற்கும் வெட்கமாக இருந்தது.

கம்பெனியில் என் பக்கத்தில் வேலை செய்யும் எஸ்தர் அக்கா, ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்தார்.

"இன்னாத்துக்குடி ரோட்ல நிக்கிற? நம்ம ஊடு இன்னா இடிஞ்சா பூட்ச்சி?" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அவர் வீட்டில் எப்போதும் யாராவது தங்கியிருப்பார்கள். புருஷனிடம் அடி வாங்கியவள், வேலை தேடி ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், இப்படி. அம்மையோடு போனவள் நான்தான் முதல்.

வாசலில் சிலுவை. அதற்குக் கீழேயே வேப்பிலை கட்டினார். எங்கள் வழக்கத்தை ஒவ்வொன்றாக என்னிடமே கேட்டார். அம்மை இருக்கும் வீட்டில் கறி ஆகாது, தாளிக்கக் கூடாது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அந்த வாரம் கிறிஸ்துமஸ்.

"எனக்காக வேணாங்க்கா, நீங்க செய்ங்க" என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. பண்டிகையன்று எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும்தான். வெல்டிங் வேலை செய்யும் அவர் புருஷன் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, ஏசப்பா பொறந்தநாளுக்குக் கூழா?"

"அவுரு மாட்டுக் கொட்டாயில பொறந்தாரு. அன்னிக்கு இன்னா பிரியாணியா போட்டாங்க? கம்னு குடிய்யா."

அவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, கூழ் மூக்கில் வந்தது. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அந்த வீட்டில் கடுகு வெடித்தது.

அக்கா போனபின் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இப்போது அங்கே நிற்கின்றன. அம்மை கண்டிருந்த அந்த ராத்திரிகளில், தூக்கத்தில் நான் சொறிந்துவிடுவேன் என்று, என் இரண்டு கைகளையும் தன் மடியில் பிடித்துக்கொண்டே அக்கா உட்கார்ந்திருப்பார். அதனால் முகத்தில் ஒரு வடுகூட விழவில்லை. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. இப்போது கண்ணாடி பார்த்தால் தோன்றுகிறது, ஒரு வடுவாவது விழுந்திருந்தால் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.