அம்மா வெட்டாத தந்தி

போன வாரம் வெளிநாட்டில் படிக்கும் மகனிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி வந்தது. "விபத்து. சிறு காயம். சுகம்." நான்கே சொற்கள். முழங்காலில் தோல் உரிந்ததுதான் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் நான் அவனுக்குப் பத்துத்தரம் அழைத்துவிட்டேன். ஆனால் என் அம்மா அதைப் பார்த்திருந்தால் பேரனை மெச்சியிருப்பார். "சிறு" என்பதை மட்டும் வெட்டியிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்மா திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த தபாற்கந்தோரில் தந்தி வாங்கும் வேலையில் இருந்தார். வருகிறவர்கள் அழுதும் சிரித்தும் சொல்லும் கதையைக் கேட்டு, நீலப் பென்சிலால் வெட்டி வெட்டிச் சுருக்கிக் கொடுப்பார். சொல் குறைந்தால் சனத்துக்குச் செலவு குறையும். பதினைந்து வருடங்களாக அதுதான் அவரின் கெட்டித்தனம்.

அந்த வருடம் அம்மா மீண்டும் படிக்கத் தொடங்கினார். பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை. பதினேழு வயதில் படிப்பை விட்டவர் அதை எழுதுவதற்கு, கொழும்பிலிருந்து தபால் மூலம் நடத்தப்பட்ட வகுப்பொன்றில் சேர்ந்து தேறவேண்டும். வயதெல்லைக்குள் அதுதான் கடைசி வருடம். முதல் ஒப்படையாக எழுதி அனுப்பும் கட்டுரை தேறாவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஒப்படையின் தலைப்பு "எங்கள் துறைமுகம்". முந்நூறு சொற்களுக்குக் குறையக்கூடாது. அம்மா இரண்டு நாள் இருந்து எழுதினார்:

"திருகோணமலைத் துறைமுகம் ஆழமானது. இயற்கையானது. கப்பல்கள் வரும். போகும். பலருக்கு வேலை. சிலருக்குப் பிரிவு. மீதி நலம்."

பதின்மூன்று சொற்கள். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அனுப்பிவிட்டார்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. கீழே சிவப்பு மையில் ஒரு கேள்வி: "மிகுதிப் பக்கங்கள் தபாலில் தவறிவிட்டனவா? மீண்டும் ஒருமுறை மட்டும் அனுப்பலாம்."

அம்மாவுக்கு வந்த கோபம் முழுக்க அந்த முதல் வசனத்தில்தான். "எங்கட தபாலில ஒண்டும் தவறாது!" என்று குசினி அடுப்புக்கு முன்னால் நின்று சத்தம் போட்டார்.

அப்பா துறைமுக வேலைத்தளத்தில் இயந்திரம் திருத்துகிறவர். "இஞ்சாருமப்பா, நான் கொஞ்சம் நீட்டித் தாறன்" என்று உதவிக்கு வந்தார். "பரந்து விரிந்த அழகிய நீலக் கடல்" என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். எழுதிய கையோடு பென்சில் இறங்கியது. கடைசியில் "கடல்" மட்டும் மிஞ்சியது.

"கடல் எண்டால் நீலம்தானே? அதை ஏன் சொல்லுவான்?"

"இப்படியே போனால் உம்மட கட்டுரையைத் தபால்முத்திரைக்குப் பின்னால எழுதலாம்" என்றார் அப்பா. அன்று அம்மா அவரோடு கதைக்கவில்லை.

பள்ளிக்கூட விடுமுறையாகையால் நான் பகலெல்லாம் கந்தோரில் அம்மாவின் கதிரைக்குப் பின்னால் இருப்பேன். ஒருநாள் கடலுக்கு அக்கரையிலுள்ள மூதூரிலிருந்து ஒரு உம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார். கொழும்பில் கடையில் நிற்கும் மருமகனுக்குத் தந்தி அடிக்கவேண்டும். மகளைப் பெரியாஸ்பத்திரிக்கு லோஞ்சுப் படகில் கூட்டி வந்திருக்கிறார். நடுக்கடலில் நோவு கண்டுவிட்டது. பெண்கள் முந்தானைகளைப் பிடித்து மறைப்புக் கட்ட, லோஞ்சு ஓட்டியவர் திரும்பிப் பார்க்காமல் ஓதிக்கொண்டே ஓட்ட, இறங்குதுறையில் கயிறு கட்டுவதற்கு முன்னமே பிள்ளை கத்திவிட்டது. அம்மா வாய் திறந்தபடி கேட்டார். பிறகு எழுதிக் காட்டினார்: "ஆண் குழந்தை. இருவரும் சுகம்."

உம்மா கடதாசியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இவ்வளவு கதை சொன்னேனே புள்ள, லோஞ்சு எங்க?"

"சொல் கூடினால் காசு கூடும் உம்மா."

"சரி, இத அடி. மிச்சத்த நீயே வச்சிக்க."

அவர் போனதும் அம்மா தந்தியை அடிக்கக் கொடுத்தார். பிறகு ஒரு தந்திப் படிவத்தைப் பின்பக்கம் திருப்பி எழுதத் தொடங்கினார். வீட்டுக்கு வந்தும் எழுதினார். லோஞ்சில் பிறந்த பிள்ளை, கப்பலில் போன மகனுக்குப் பலகாரம் அனுப்ப வழி கேட்ட சல்லி ஊர்க் கிழவர், சம்பந்தம் சரிவந்த செய்தியை வெட்கத்தில் காதுக்குள் சொன்ன மீன்காரப் பெண். அவர் இத்தனை வருடமும் வெட்டிய சொற்களெல்லாம் வந்தன. இடையில் கை பென்சிலைத் தேடியது. அப்பா அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.

பதில் கந்தோர் விலாசத்துக்கு வந்தது. அம்மா பிரித்துப் படித்தார். "மிக நன்று. படித்துச் சிரித்தேன், கலங்கினேன். அடுத்ததை அனுப்புங்கள்." அம்மா இரண்டுதரம் படித்தார். பிறகு புதுப் படிவம் ஒன்றை எடுத்து அப்பாவுக்குத் தந்தி எழுதினார். அப்பாவின் வேலைத்தளம் பத்து நிமிட நடைதான்.

தந்தி கொண்டுபோகும் அண்ணரின் சைக்கிளில் நானும் ஏறினேன். அந்தக் காலத்தில் தந்தி என்றால் சாவு. எங்களைக் கண்டதும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் கதிரை கொண்டுவந்து அப்பாவை இருத்தினார். எண்ணெய்க் கையால் பிரிக்க முடியாமல் அப்பா அதைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். அவர் சத்தமாக வாசித்தார்:

"உங்கள் மனைவியாகிய நான் எழுதிய ஒப்படை மிக மிக நன்றாக இருப்பதாகக் கொழும்பிலிருந்து எழுதி வந்திருக்கிறது என்பதை அளவில்லாத சந்தோஷத்துடன் உங்களுக்கு அறியத் தருகிறேன். வரும்போது ஆட்டிறைச்சி வாங்கி வரவும். அவசரமில்லை. ஆறுதலாக வாங்கவும்."

"அட பாவி மனுசி!" என்று யாரோ கத்த, வேலைத்தளமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தந்தியை வாங்கி, உதடு அசைய, முதலிலிருந்து மறுபடி படித்தார். நான் மனதுக்குள் சொற்களை எண்ணிப் பார்த்தேன். அவரின் காதருகில் போய்ச் சொன்னேன்:

"அப்பா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அம்மாவுக்கு வேலை மறந்துபோச்சு."