ஏழாவது பாட்டு

இளங்கலை இரண்டாம் ஆண்டில், ஒரு கேசட்டில் ஒரு பாட்டு பாதியில் அறுந்துபோகும்படி செய்தேன். அதற்குப் பாடல்களின் வரிசையை எழுதிக் கொடுப்பதே போதுமானதாக இருந்தது. இப்போது முதுகலை படிக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதைவிட எழுதுவது எனக்கு எளிது.

என் அப்பா கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்குக் கணக்கெழுதும் ரைட்டர். திங்கட்கிழமை காலையில் மாரமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, ஏற்காட்டில் வேறு பஸ் மாறி, சேலத்தில் கல்லூரி விடுதிக்குப் போவேன். சனிக்கிழமை மதியம் திரும்புவேன். அந்தப் பஸ்ஸில் மாரமங்கலத்து விவசாயி ஒருவரின் மகள் எனக்கு முன்பே ஏறியிருப்பாள். முதல் ஆண்டு முழுவதும் அவள்தான் எனக்கு ஜன்னலோர இடத்தைப் பிடித்து வைத்தாள். நான் அதிகம் பேசாதவள். அந்தக் குறையை ஈடுசெய்யவோ என்னவோ, அவள் ஒரு விளையாட்டை உண்டாக்கினாள். ஒருத்தி தனக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் எது நினைவுக்கு வருகிறதோ அதையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் மற்றவளின் முறை.

அவளுடைய முதல் பாட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் அண்ணன் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று, பஸ் நின்ற டீக்கடை ரேடியோவில் அது ஓடிக்கொண்டிருந்ததாம்.

“பாட்டு முடியற மட்டும் டிரைவர் டீ கிளாஸைக் கீழ வெக்கலை புள்ள. எங்கண்ணன் அந்த நேரம் மட்டும் எங்கம்மா கையப் புடிச்சுட்டு நின்னுச்சு. அந்த டிரைவருக்குப் பாட்டுப் புடிக்காம இருந்திருந்தா அதுவும் இல்லை.”

என் முறை வந்தபோது நான் பல வாரங்கள் தள்ளிப்போட்டேன். பிறகு சொன்னேன். எனக்குப் பதின்மூன்று வயது. காப்பிக்கொட்டை காயும் களத்தில் அம்மா மட்டும் இருந்தாள். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பாவின் ஆபீஸ் ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. கையிலிருந்த பலகையால் கொட்டையைப் புரட்டிக்கொண்டே அம்மா அதன் இரண்டாம் சரணத்தைப் பாடினாள். ஒரு சொல்லும் தவறவில்லை; மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் மட்டும் பலகை நின்றது. அதற்கு முன்பும் பின்பும் அவள் பாடி நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, “பள்ளிக்கூடம் விட்டாச்சா கண்ணு? சோறு மூடி வெச்சிருக்குது” என்றாள்.

இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு என் தோழி வளைவுகள் தீரும்வரை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் ஒரு ரசீதைப் போலப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஏற்காட்டிலிருந்து ஒருத்தி எங்களோடு சேர்ந்தாள். மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். தேவாலயப் பாடற்குழுவில் பாடுபவள். அவளைப் பற்றி ஒரு குறை எழுத முடியுமா என்று முயன்று பார்த்திருக்கிறேன், முடியவில்லை. கொண்டையூசி வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். அதனால் ஜன்னலோரம் அவளுக்குப் போயிற்று. அது நியாயம்தான். தோழி நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவள் மூக்கருகே பிடிப்பாள். அந்த வாசனை எனக்கும் வரும். எனக்குக் குமட்டல் வராததை ஒரு குற்றமாக அப்போதுதான் உணர்ந்தேன்.

விளையாட்டு மூவருக்கானது ஆயிற்று. மூன்றாமவள் பாட்டைச் சொல்வதில்லை, பாடியே காட்டிவிடுவாள். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை கண்டக்டர் அவளிடம் டிக்கெட்டை நீட்டிக்கொண்டே, “ஏனுங்கம்மிணி, பாடறவங்களுக்கு டிக்கெட் இல்லைன்னு நானாச் சொல்ல முடியாதுங்க, செக்கிங் வருவாங்க” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்; எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டுமோ அவ்வளவு நேரம்.

ஒரு புதன்கிழமை மாலை விடுதிக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். ஏற்காட்டுக்காரியைப் பாடச் சொன்னார்கள். அவள் என் பாட்டைப் பாடினாள். பாட்டு பொதுவானது; யாரும் பாடலாம். ஆனால் பாடி முடிந்ததும் என் தோழி, “இந்தப் பாட்டுக்கு ஒரு கதை இருக்குது” என்று தொடங்கினாள். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா என்றுதான் சொன்னாள்; பெயரோ ஊரோ சொல்லவில்லை. களம் வந்தது, பலகை வந்தது. நான் சொல்லாத ஒரு தூறலும் வந்தது. கடைசியில் அந்த அம்மாவின் கண்கள் கலங்கின. கூடத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாடியவள் தோழியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “எனக்கு ஏன் புள்ள இத்தனை நாளா இதைச் சொல்லலை?” என்று கேட்டாள்.

என் அம்மா அழவில்லை. அன்று நல்ல வெயில். ஆயினும் தோழி சொன்ன கதை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இலக்கியம் படிப்பவள் என்ற முறையில் அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. என்னிடம் இருந்தவை ஒரு பாட்டும் ஒரு தோழியும். இரண்டும் ஒரே மாலையில் இன்னொருத்தியின் பக்கம் நகர்ந்துவிட்டன. தோழியை மீட்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பாட்டையாவது அவளுக்குக் கிடைக்காமல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்கான வாய்ப்பைத் தோழியே கையில் கொடுத்தாள். ஏற்காட்டுக்காரியின் பிறந்தநாள் வந்தது. அவளிடம் டேப் ரிக்கார்டர் இருந்தது. பாடல் பதிவு செய்யும் கடையில் அறுபது நிமிட கேசட் ஒன்றைப் பதிந்து பரிசளிக்கலாம் என்று தோழி பதினொரு பாடல்களைத் தேர்ந்தாள்.

“உன் கையெழுத்துத்தான் அச்சுல வார்த்தாப்புல இருக்குது. வரிசையையும் நீயே போட்டு எழுதிக் கடைல குடுத்துரு. அந்தப் பாட்டையும் சேத்துக்க. அவளுக்கு நொம்பப் புடிச்சுது.”

பதிவுக் கடைகளில் நாம் எழுதிக் கொடுத்த வரிசைப்படியே பதிவார்கள். ஒரு பக்கம் நாடா தீரும் இடத்தில் பாட்டு எங்கே நிற்கிறதோ அங்கேயே அறுந்துவிடும். பக்கத்துக்கு ஆறு பாடல்கள் அடங்கி, இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். நான் ஏ பக்கத்தில் ஏழும் பி பக்கத்தில் ஐந்தும் எழுதினேன். ஏழாவதாக அந்தப் பாட்டு. நிமிடங்களை இருமுறை கூட்டிப் பார்த்திருந்தேன். பல்லவியும் முதல் சரணமும் வரும், இரண்டாம் சரணம் வராது.

கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “அம்மிணி, இந்தப் பக்கம் ஏழு நிக்காதுங்க. கடைசிப் பாட்டு அறுந்துபோயிருமுங்க. ஒண்ணை அந்தப் பக்கம் தள்ளிரட்டுங்களா?”

“பரவால்லைங்க. இப்படியே இருக்கட்டும்” என்றேன்.

பிறந்தநாளன்று மாலை, படிப்பு மணிக்கு முன்பு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். ஏழாவது பாட்டு தொடங்கியபோது தோழி ஏற்காட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பல்லவி. சரணம். இடையே வரும் புல்லாங்குழல். அப்போது பொத்தான் டக்கென்று எழும்பியது. எல்லோரும் ரிக்கார்டரையே பார்த்தார்கள். அந்தச் சில நொடிகளில் எனக்கு இருந்த நிறைவைக் குறைத்து எழுதுவது நேர்மையாகாது.

பிறகு ஏற்காட்டுக்காரி சிரித்தாள். சிரித்துவிட்டு, புல்லாங்குழல் நின்ற இடத்திலிருந்து இரண்டாம் சரணத்தைத் தானே பாடினாள். சுருதி மாறவில்லை. அவளுக்கு நாடாவே தேவையில்லை என்பதை என் கணக்கில் நான் சேர்த்திருக்கவில்லை. கடைசி இரண்டு வரிகளில் தோழியும் சேர்ந்துகொண்டாள்.

மறுநாள் தோழி கடைக்காரரிடம் சண்டை போடப் போனாள். திரும்பி வந்தபோது நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்றாள்.

“கடைக்காரரு உன்னைய நல்லா நெனப்பு வெச்சிருக்கறாரு.”

நான் துணியை மறுபடி வாளியில் முக்கினேன்.

“ஏழு நிக்காதுன்னு சொன்னாராம். நீ பரவால்லைன்னியாம். அந்தப் பக்கம் ஒரு பாட்டுக்கு எடம் சும்மா கெடக்குது. வேணும்னேதான பண்ணுன?”

“ஆமா.”

“ஏம் புள்ள?”

“அது எங்கம்மாவோடது. நீ எடுத்து அவளுக்குக் குடுத்துட்ட.”

“பேரு சொன்னனா? ஊரு சொன்னனா?”

“எங்கம்மா அழுகலை. மழையும் பெய்யலை.”

அவள் குழாயை மூடினாள். “அதைக் கேட்டதுல இருந்து யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு எனக்கு வாய் ஊறிட்டே இருந்துச்சு. அத்தனை நல்லா இருந்துச்சு. நீயா இருந்தாப் பொட்டில வெச்சுப் பூட்டிக்குவ.”

“உங்கிட்டச் சொன்னேனே.”

“சொன்ன. சொல்லிப்போட்டு அன்னில இருந்து நான் என்ன பண்றேன்னு காவல் இருக்கற. ஊட்டுல எங்கப்பன்கூட இத்தனை காவல் இல்லை.” துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய உதவினாள். பிழிந்து முடித்ததும் போய்விட்டாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கடைக்காரர் அவசரத்தில் பதிந்துவிட்டதாகவே சொன்னாள். மறுபடி பதியவும் இல்லை; தேவைப்படவில்லை. கேசட் அந்த இடத்தில் நிற்கும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து பாடி முடிப்பது வழக்கமாயிற்று. விடுதிப் பெண்கள் அதற்காகவே அந்தப் பக்கத்தைப் போடச் சொன்னார்கள். ‘அறுந்த பாட்டு’ என்று அதற்குப் பெயரும் வந்தது. பஸ்ஸில் அவள் எனக்கும் இடம் பிடித்து வைத்தாள்; பேசினாள். பாட்டு விளையாட்டில் மட்டும் என் முறை வந்தால், “அடுத்தது நீ” என்று ஏற்காட்டுக்காரியின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இறுதியாண்டின் கடைசி வாரங்களில் ஒருநாள், மலையிறங்கும் பஸ்ஸில் டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். அவருடைய கேசட்டில் அது முழுதாக இருந்தது. புல்லாங்குழல் வந்த இடத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாட்டு நிற்காமல் போனதும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி மடியில் மற்றவள் கவிழ்ந்தாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் சரணம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் களத்தையும் அம்மாவையும் தேடினேன். அந்த இருவரின் சிரிப்புதான் இருந்தது. இன்றும் எங்கே அந்தப் பாட்டைக் கேட்டாலும், அது அறுந்த இடம் எதுவென்று எனக்கு நொடி பிசகாமல் தெரிகிறது. அங்கே அவர்கள்தான் வருகிறார்கள்.