பெட்ரோல் காரில் பேசிய பேச்சு

துறையூர்ப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றும். இலங்கை மலைநாட்டில், பதுளையில் காரை நிறுத்துகிறவன் அதன் முகத்தை இறக்கத்துக்குத் திருப்பித்தான் நிறுத்துவான். சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல், பானெட்டின் மேல் ஒரு சாக்கு. விடியற்காலைக் குளிரில் எஞ்சின் பிடிக்காவிட்டால் சாக்கை எடுத்து, கல்லை எடுத்து, உருட்டிவிட்டுக் கியர் போட வேண்டும். நம் ஊரில் தரை தட்டுப்போல் இருக்கிறது. வண்டி விட்ட இடத்தில் நிற்கும். இங்கே எல்லாம் ஒரு கல்லை நம்பி நிற்கிறது.

பன்னிரண்டு வயதில் மண்டபம் முகாமில் ஊசி குத்திக்கொண்டு கப்பல் ஏறியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. மடுல்சீமைத் தோட்டத்தில் துரையின் காரைத் துடைத்தேன். துடைத்த காரையே பிறகு ஓட்டினேன். கடைசியில் சொந்தக் காரைப் பதுளை ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து போய் அங்கே வாடகைக் கார் வைத்த முதல் ஆள் நான்தான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கார் பெட்ரோல் கார். பசறை ஏற்றத்தில் பின் சீட்டில் தேநீர்க் கோப்பையை வைத்தாலும் சிந்தாது. சத்தமே இராது. முன்னால் நான் மெதுவாகச் சொன்னது பின்னால் இருப்பவர் காதில் விழும். அதுதான் என் பெருமையாக இருந்தது.

இப்போது ஸ்டாண்டில் பாதிப்பேர் டீசலுக்கு மாறிவிட்டார்கள். குறைந்த வாடகைக்கு அவர்கள் போகிறார்கள். நான் சாக்குப் போர்த்திய காரோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். கராஜ் வைத்திருக்கும் சுமணபால பாஸ் ஒருநாள் கூப்பிட்டார். சிங்களவர்; என்னிடம் தமிழில்தான் பேசுவார். ஊரைவிட்டுப் போகும் டாக்டர் ஒருவரின் ஜெர்மன் டீசல் கார் அவர் கராஜில் விலைக்கு நின்றது.

"மொதலாளி, மொதல் மூணு வருசம் ஒண்ணும் தெரியாது. வாங்குற வெல கூட, லைசென்சும் கூட. நாலாவது வருசம் பாருங்க, பெட்ரோல்காரன் எல்லாம் அழுவான், நீங்க சிரிப்பீங்க."

"கொறை என்ன பாஸ்? அதையும் சொல்லுங்க."

"சத்தம். உள்ளுக்கு இருந்து பேச ஏலாது. அது ஒண்ணுதான்."

அந்தக் குறை என் காருக்குப் போன மழைக்காலத்தில் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அப்போது மடுல்சீமைக்குப் போக ஓர் ஐயா என் காரைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு கட்டு பைல். இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு மனுப் போட்ட தோட்டத்து ஆட்களை விசாரிக்கிற உத்தியோகத்தர் என்று பேச்சில் தெரிந்தது. என் மனுவும் வருடக்கணக்காக எங்கோ கிடந்தது. மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தால் சும்மா வர முடியுமா?

"ஊரிலை வீடு வளவு இருக்கோ?" என்று கேட்டார்.

மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "என்னங்க அப்படிக் கேட்டுட்டீங்க! மாடி வீடுங்க. எங்க தெருவுலேயே அது ஒண்ணுதான். பக்கத்துல கார் கொட்டகையே கட்டி வச்சிருக்கேன்!"

"அப்ப, ஒரு நாளைக்குத் திரும்பிப் போற எண்ணம்தான்."

"போகாம? இந்தக் காரையே ஓட்டிக்கிட்டுப் போயி வாசல்ல நிறுத்துவேன், பாருங்க!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த வீட்டில் நான் படுத்தது பதினொரு இரவுகள், கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது. இப்போது அதில் என் தம்பிதான் இருக்கிறான். தேயிலைத் தூருக்கு உரமாகிவிட்டான் என்று என்னைச் சொன்னவர்கள் தினமும் அண்ணாந்து பார்க்கட்டும் என்றுதான் மாடி எழுப்பினேன். என் மனைவி செல்லம்மாள் மடுல்சீமையில் பிறந்தவள். துறையூரைக் கண்ணால் கண்டதில்லை.

பாஸ் டீசல் காரைக் காட்டிய அதே வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். செல்லம்மாள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொல்லியனுப்பினாள்: "வீட்டைக் கேட்டா தம்பி வீடுன்னு சொல்லிப்புடுங்க. ஒரே ஒரு வார்த்தை. ஒங்க வாயி ஒரு நாளைக்குச் சும்மா இருந்தா மழை பேயாமப் போயிறாது."

மேசைக்கு அந்தப் பக்கம் அதே ஐயா. நான் காரில் சொன்னது கொட்டகை உட்பட அவர் தாளில் இருந்தது. வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகக் கேட்டார்: "அந்த வீடு உங்கடைதானோ? இல்லாட்டில் சகோதரங்களின்ரையோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் கதவைத் திறந்துதான் வைத்தார். எனக்கு அது இப்போது தெரிகிறது. ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் நான் இந்த மலையில் ஏறி இறங்கிய பாதை. அதை இன்னொருவன் வீடு என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

"நான் கட்டினதுங்க," என்றேன்.

பதில் கடிதம் வரத் தாமதமாகவில்லை. இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணம் எனக்கில்லை என்று தெரிவதால் மனு தள்ளப்பட்டதாம். இனி தங்குவதற்கு அனுமதி கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும், கொடுத்தால் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் இங்கிலீஷை வாசித்துச் சொன்னதைக் கேட்டுச் செல்லம்மாள் அந்தச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கராஜுக்குப் போய், டீசல் கார் வேண்டாம் என்றேன். பாஸ் நம்பவில்லை.

"பயமா மொதலாளி? நாலு வருசம் என்ன, கண்ணை மூடித் தொறந்தா போயிரும். நீங்க எங்க போகப்போறீங்க?"

நான் போய்விடுவேன் என்று ஒருவர் எழுதிவிட்டார். எங்கும் போகமாட்டேன் என்று இன்னொருவர் சிரிக்கிறார். இருவரும் என்னை நன்றாக அறிந்தவர்கள் போலத்தான் பேசினார்கள். "சத்தம் ஒத்துக்காது பாஸ்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பியின் கடிதம் நேற்று வந்தது. கார் கொட்டகையில் வைக்கோல் அடைந்திருக்கிறதாம். கார் எப்போது வரும், காலி செய்து வைக்கவா என்று கேட்டிருக்கிறான். இன்று காலை நல்ல பனி. சாக்கை எடுத்தேன். கீழே பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று ஊருக்குக் கப்பல் பிடிக்கப் போகிற ரயில் ஸ்டேஷனுக்கு, ஒன்று ஸ்டாண்டுக்கு. காரின் முகம் இரண்டையும் பார்த்தபடி நின்றது. குனிந்து கல்லில் கைவைத்தேன். ஈரமாக, குளிர்ந்து கிடந்தது. எடுக்க மனம் வராமல் அப்படியே குந்தியிருந்தேன்.